பனிவண்டிக்கு எவ்வளவு தொய்வு வேண்டும்?

ஆக்டிவா ஓட்டியவர்களுக்குப் பனிவண்டியின் பாதி ஏற்கெனவே பழக்கம். அந்த ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலை இல்லை. இடப்பக்க உறையைக் கழற்றினால் முன்னும் பின்னுமாக இரண்டு புல்லிகள், அவற்றைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் பெல்ட். கனடாவின் கியூபெக்கிலும் அலாஸ்காவிலும் பின்லாந்தின் வடகோடியிலும் உறைந்த ஏரிகள்மேல் ஓடுகிற பனிவண்டியின், அதாவது ஸ்னோமொபைலின், பக்க மூடியைத் திறந்தாலும் கண்ணில் படுவது இதே அமைப்புதான், அளவில் மட்டும் பெரிது. காஷ்மீரின் குல்மார்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும் வண்டிகளும் இந்த இனம்தான்.

மீதிப் பாதிதான் நமக்குப் புதிது. முன்னால் சக்கரத்துக்குப் பதில் திருப்புவதற்கு இரண்டு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகைகள். இருக்கைக்கு அடியில் அகலமான ரப்பர் பட்டை. பொக்லைனுக்கு இரும்பில் இருக்கிற செயின் இங்கே ரப்பரில் இருக்கிறது. இதை டிராக் என்கிறார்கள். 137 அங்குலச் சுற்றளவும் 15 அங்குல அகலமும் பரவலாகக் காணப்படும் அளவு; அதாவது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமுள்ள, தொடக்கமும் முடிவும் இல்லாத வளையம். எஞ்சினின் சுழற்சி முதலில் பெல்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து எண்ணெயில் மூழ்கிய ஒரு செயின் வழியாக முன் அச்சுக்கு வருகிறது. அந்த அச்சின் பற்கள் டிராக்கைச் சுழற்றுகின்றன.

ஆக, வண்டிக்குள் இரண்டு ரப்பர் வளையங்கள். பருவம் தொடங்கும்போது இரண்டுக்கும் ‘டென்ஷன் பார்க்கணும்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்தான் பலரையும் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது. பெல்ட் வேலை செய்வது உராய்வால். டிராக் வேலை செய்வது பல்லால். இரண்டுக்கும் வேண்டிய இறுக்கத்தின் பொருளே வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், கையேட்டில் இருக்கும் எண்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கட்டளைகளாக இல்லாமல் காரணத்தோடு விளங்கும்.

பெல்ட்டிலிருந்து தொடங்குவோம். புல்லி ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் நடுவிலுள்ள பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். எஞ்சினோடு சேர்ந்த முன்புல்லியில் சிறு எடைக் கைகள் இருக்கின்றன. வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் வீசப்பட்டு தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட்டின் நீளம் மாறாதது. புல்லிகளுக்கு இடையிலுள்ள தூரமும் மாறாதது. அதனால் முன்புல்லியில் பெல்ட் ஏறினால் பின்புல்லியில் இறங்கியே ஆகவேண்டும். சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுவதில் தொடங்கி, பெரியது சின்னதைச் சுழற்றுவது வரை எல்லா கியர்களும் இடைவெளியே இல்லாமல் இதற்குள் அடக்கம். 1958-இல் நெதர்லாந்தின் ஹூப் வான் டோர்ன் தன்னுடைய டாஃப் கார்களில் வைத்த வேரியோமேட்டிக்கும் இதே தத்துவம்தான்.

ஸ்கூட்டருக்கும் பனிவண்டிக்கும் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆக்டிவாவில் பின்புல்லிக்கு அருகே தனியாக ஒரு கிளட்ச் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்ச்தான் பின்சக்கரத்தைப் பிரித்து வைக்கும். பனிவண்டியில் அப்படித் தனிக் கிளட்ச் கிடையாது. முன்புல்லியே கிளட்ச். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் தட்டுகள் அகல விலகியிருக்கும். பெல்ட் நடுத்தண்டின் மேல் எதையும் பிடிக்காமல் சும்மா படுத்திருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்று வந்ததும் தட்டுகள் நெருங்கி பெல்ட்டின் விலாக்களைக் கவ்வும். அப்போதுதான் வண்டி நகரும். எனவே, நிற்கும்போது பெல்ட் தொய்வாக இருந்தாக வேண்டும். ஸ்கூட்டர் பெல்ட்டை யாரும் ‘அட்ஜஸ்ட்’ செய்வதில்லை, பனிவண்டிப் பெல்ட்டைச் செய்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

ஓடும்போது வேண்டிய இறுக்கத்தை யார் தருகிறார்கள்? புல்லிகளே தருகின்றன. பின்புல்லியில் ஒரு வலுவான ஸ்பிரிங்கும் சாய்வான திருகுப் பாதையும் உண்டு. சுமை கூடக் கூட அந்தப் பாதை தட்டுகளை இன்னும் பலமாக நெருக்கும். கூம்புச் சரிவு இன்னொரு உதவியும் செய்கிறது. தட்டையான பெல்ட் ஒன்று புல்லியின் முதுகை மட்டும் அழுத்தும். ஆப்பு வடிவப் பெல்ட்டோ இரண்டு சுவர்களுக்கு நடுவில் செருகிக்கொள்ளும். சுவர் ஒவ்வொன்றும் 13 பாகை சாய்ந்திருப்பதாகக் கொண்டால், அதே இழுப்புக்குக் கிடைக்கும் பிடி நான்கு மடங்குக்கும் மேல். மரத்தைப் பிளக்க ஆப்பு அடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே தெரியும்.

ஆகவே நின்றிருக்கும் வண்டியில் நாம் அளப்பது உண்மையில் பெல்ட்டின் இறுக்கத்தை அல்ல. அது பின்புல்லியில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். புதிய மாடல்கள் பலவற்றில் அளவுகோல்கூட வேண்டியதில்லை. பெல்ட்டின் மேல்முதுகு பின்புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ, ஓரிரு மில்லிமீட்டர் மேலாகவோ நின்றால் சரி. பழைய மாடல்களில் இரண்டு புல்லிகளின் மேல் நேரான ஒரு பட்டியை வைத்து, பெல்ட்டின் நடுவில் கையேடு சொல்லும் விசையோடு அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் என்பது பல கையேடுகளில் காணும் அளவு. மாற்ற வேண்டுமானால் பின்புல்லியிலுள்ள சிறு திருகு போதும். அது தட்டுகளை விலக்கினால் பெல்ட் அமிழும், நெருங்கவிட்டால் எழும்பும். சில நிறுவனங்களின் வண்டிகளில் திருகு இல்லை. தட்டுகளுக்கு நடுவில் மெல்லிய வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ இதைச் செய்கிறார்கள்.

பெல்ட் விளிம்புக்கு மேலே அதிகம் எழும்பி நின்றால், முன்புல்லி பிடிக்காத வேளையிலும் உரசிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி முன்னால் ஊரப் பார்க்கும். கீழே அமிழ்ந்திருந்தால் வேறு கேடு. முதல் கியரில் எடுக்க வேண்டிய வண்டியை இரண்டாவதில் எடுப்பது போலாகிவிடும். கிளம்பும்போது உதறலும் சறுக்கலும் இருக்கும். தேய்ந்த பெல்ட் இந்த இரண்டாவது நிலைக்குத்தான் போய்ச் சேருகிறது. அந்த 13 பாகைச் சரிவில், அகலத்தில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் பெல்ட் 2 மில்லிமீட்டருக்கு மேல் அமிழும். புதிதில் 35 மில்லிமீட்டர் அளவில் இருக்கிற பெல்ட் 3 மில்லிமீட்டர் தேய்ந்ததும் அதைத் தூக்கிப்போடச் சொல்லும் கையேடுகள், வியாபாரத்துக்காக அப்படிச் சொல்லவில்லை.

சறுக்கல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய வேகமான பனிவண்டிகளில் 150 குதிரைத்திறன் சாதாரணம். அது 112 கிலோவாட். நிமிடத்துக்கு 8,000 சுற்றில், 8 சென்டிமீட்டர் ஆரத்தில் பெல்ட் ஓடுவதாக வைத்தால் அதன் வேகம் நொடிக்கு 67 மீட்டர். மணிக்கு 240 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சறுக்கலில் போனால் 11 கிலோவாட் வெப்பம். பதினொரு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் அடைத்து வைத்தது போல. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை இருந்தாலும் பெல்ட்டுக்கு அது உதவாது; வெப்பம் பிறப்பது அதன் விலாக்களில்தான். அராமிட் இழைகளை ரப்பருக்குள் பதித்து எவ்வளவு உறுதியாகச் செய்தாலும் சூடேறிய ரப்பர் இளகும், இழையை விட்டுப் பிரியும். ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறினால் புதிய பெல்ட் மாட்டும் முன் புல்லித் தண்டுகளில் சுற்றிக்கொண்ட நார்களை ஒன்றுவிடாமல் உருவி எடுக்க வேண்டும். ஒரு நார் தங்கினாலும் தட்டுகள் சீராக நகராது.

செத்த பெல்ட்டை வீசிவிடாமல் பார்ப்பது நல்ல பழக்கம். விலாக்கள் கண்ணாடி போல மினுங்கினால் அது சறுக்கியிருக்கிறது. ஓரம் பிசிறு பிசிறாக இருந்தால் இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. உள்பக்கப் பற்களின் அடியில் வெடிப்பு ஓடினால் அது வயது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியது போலத் தேய்ந்திருந்தால், அதற்கான காரணம் பெல்ட்டிடம் இல்லவே இல்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கீழே இருக்கும் பெரிய வளையம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1934-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் கியூபெக்கின் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் இவான், குடல்வால் நோயால் துடித்தான். சாலைகளெல்லாம் பனியில் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் முட்டிமோதிக்கொண்டிருந்தவர் அந்தத் தகப்பன். 1937-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்த கண்டுபிடிப்பு எஞ்சினோ ஸ்கீயோ அல்ல. பல்சக்கரமும் டிராக்கும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் முறைதான். ரப்பர் போர்த்திய பல்சக்கரம் ரப்பர் பட்டையைச் சுழற்றும். ஈரமானாலும் உறைந்தாலும் பிடி நழுவாது. அந்த ஆண்டு ஏழு பேர் அமரும் பி-7 வண்டி வந்தது. இருவர் ஏறும் சிறிய ஸ்கீ-டூ வந்தது 1959-இல். பனியில் பல் நழுவக்கூடாது என்பதுதான் இந்த வண்டியின் பிறப்புக் காரணம். டிராக் இறுக்கத்தைப் பார்க்கும்போது நாம் பார்ப்பதும் அதைத்தான்.

பல் இருக்கிற இடத்தில் உராய்வுக்கு வேலை இல்லை. சைக்கிள் செயினை முறுக்கேற்றி மாட்டினால் வேகம் கூடுமா? மிதிப்பதுதான் கனக்கும். டிராக்கும் அப்படியே. பற்கள் தாவாமல் இருக்கும் அளவுக்கு இறுக்கம் போதும். அதற்குமேல் ஏற்றும் ஒவ்வோர் இழுப்பும் நட்டம். காரணம், டிராக் இரண்டு நீண்ட தண்டவாளங்களின் அடியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் வழவழப்பான பாலிஎத்திலீன் பட்டி. டிராக்கில் உலோகக் கிளிப்புகள். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் இல்லை. பறந்துவரும் பனித்தூள் உரசலில் உருகி மெல்லிய நீர்ப்படலமாகிறது. அதுதான் மசகு, அதுவே குளிர்விப்பானும். டிராக்கை அளவுமீறி இறுக்கினால் தண்டவாளத்தின் முன்வளைவில் அழுத்தம் கூடும், பட்டி சூடாகி உருகும், பின்சக்கரங்களின் பேரிங் தேயும், எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடினாலும் வேகம் வராது.

தொய்ந்தால்? முன் அச்சு டிராக்கை இழுக்கும்போது மேற்பக்கம் விறைக்கும். தளர்வெல்லாம் முன் அச்சுக்குக் கீழே வந்து சேரும். பிரேக் பிடித்தால் நிலைமை தலைகீழாகி, தளர்வு மேலே போகும். தளர்வு அளவுக்கு மீறினால் இந்த மாற்றத்தின்போது பல் ஒன்று தன் இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குத் தாவும். டமால் என்று அடியிலிருந்து சத்தம் வரும். பள்ளத்தில் இறங்கும்போது, பிரேக்கை நம்பியிருக்கும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும் என்பதால் சத்தத்தை அலட்சியம் செய்யக்கூடாது. வேகத்துக்கும் இதில் பங்குண்டு. மூன்றரை மீட்டர் டிராக் 20 கிலோ இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் வளைவுகளில் வெளியே பறக்கப் பார்க்கும் ரப்பர் தனக்குள் ஏற்படுத்தும் இழுவிசை 4,400 நியூட்டன்; சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். அந்த விசையில் ரப்பர் நீளும், உப்பும். தளர்ந்த டிராக் என்றால் வண்டியின் உட்கூரையில் போய் அடிக்கும்.

அளக்கும் முறை எளிது. வண்டியின் பின்பகுதியைத் தூக்கி உறுதியான தாங்கியில் நிறுத்த வேண்டும். ஒட்டிய பனியையும் கட்டிகளையும் தட்டி எடுக்க வேண்டும்; பனிக்கட்டி ஏறிய டிராக் பொய்யான அளவைக் காட்டும். குளிரில் விறைத்த ரப்பரும் அப்படித்தான், ஆகவே கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதே சரி. எஞ்சினை நிறுத்தியபின் கீழோட்டத்தின் நடுவில் குறித்த எடையால் டிராக்கைக் கீழே இழுத்து, பாலிஎத்திலீன் பட்டிக்கும் டிராக்கின் உட்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 7.3 கிலோ விசைக்கு 30 முதல் 35 மில்லிமீட்டர் என்பது சில மாடல்களின் கணக்கு. வேறு நிறுவனம் வேறு எடையை வேறு இடத்தில் தொங்கவிடச் சொல்லும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது பெரிய தவறு. புதிய டிராக் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கொஞ்சம் நீளும். அதை மறுபடி அளந்தே ஆகவேண்டும்.

சரிசெய்வது பைக் செயினுக்குச் செய்வதைப் போலவே. பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டரைச் சம அளவில் திருகினால் பின்சக்கரங்கள் பின்னால் நகர்ந்து டிராக் இறுகும். சம அளவு என்பதுதான் உயிர்நாடி. இடம் ஒரு சுற்றும் வலம் ஒன்றரைச் சுற்றும் திருகிவிட்டால் அச்சு கோணலாகும். டிராக் ஒரு பக்கம் ஒதுங்கும். எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இறுகிய பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று மனம் சொல்லும். நடப்பதோ நேர்மாறு: டிராக் தளர்ந்த பக்கம் போகும். சுழலும் சக்கரம் தன் அச்சுக்குச் செங்குத்தான திசையில்தான் பட்டையை ஏந்திச் செல்லும். அச்சின் இடமுனை பின்னால் தள்ளியிருந்தால் அந்தச் செங்குத்துத் திசை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டை, திருகின் மரையில் நட்டு நகர்வதுபோல, துளித்துளியாய் வலம் போகும். எனவே டிராக் வலப்பக்கம் ஒதுங்கினால் இறுக்க வேண்டியது வலப்பக்கத்தை.

அட்ஜஸ்ட் செய்தபின் தூக்கிவைத்த நிலையிலேயே எஞ்சினை ஓட்டி, டிராக்கை மெதுவாகச் சுழலவிட்டு, உள்பக்கக் கிளிப்புகளுக்கும் தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமா என்று பார்ப்பார்கள். இந்த வேளையில் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. சுழலும் டிராக்கில் சிக்கிய கல்லோ பனிக்கட்டியோ குண்டு போலப் பாயும். பெல்ட் மூடியைத் திறக்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும்: சாவியை எடுத்து, ஓட்டுநரின் உடையோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிய பிறகே கை உள்ளே போக வேண்டும்.

இடுப்பு ஒடுங்கிய அந்தப் பெல்ட்டுக்கு வருவோம். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் டிராக் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் ஒருவர் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார். முன்புல்லி கவ்வுகிறது, ஆனால் டிராக் அசையவில்லை. அசையாமல் நிற்கும் பெல்ட்டின் ஒரே இடத்தைச் சுழலும் தட்டுகள் இரு பக்கமும் அராவுகின்றன. சில நொடிகள் போதும். அந்த இடம் மெலிந்துவிடும். வண்டி பிறகு விடுபட்டு ஓடும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பல கிலோமீட்டர் தள்ளி, ஆளரவமற்ற ஏரி நடுவில் பெல்ட் அறுந்து போகும். அளவுமீறி இறுக்கிய டிராக்கும் இதையே மெதுவாகச் செய்கிறது: கூடுதலான ஒவ்வொரு சுமைக்கும் பெல்ட் வெப்பத்தால் விலை கொடுக்கிறது. அடிக்கடி பெல்ட் போகிறது என்று புல்லிகளைக் குடைகிறவர்கள் முதலில் குனிந்து டிராக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளக்கும் வரிசையும் அதுவே: முதலில் டிராக், பிறகு பெல்ட்.

கனடாவிலோ குல்மார்கிலோ முதன்முறையாக இந்த வண்டியை எடுக்கப்போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றுப் பெல்ட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உறைந்த காலையில் எஞ்சினை முடுக்கும் முன் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து வண்டியின் பின்பகுதியை ஒருமுறை தூக்கி அசைத்துத் தரையிலிருந்து டிராக்கை விடுவியுங்கள். முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டுங்கள்.